மார்பு உயரத்தில்

பதிவு மேசையில் அவருடைய பேட்ஜ் இன்னும் யாரும் எடுக்காமல் கிடந்தது. அகர வரிசையில் அடுக்கியிருந்ததால் என் அட்டைக்கும் அவருடைய அட்டைக்கும் நடுவே ஊர்பேர் தெரியாத ஏழெட்டுப் பேர் படுத்திருந்தார்கள். மேசைக்குப் பின்னாலிருந்த பெண் திரும்பிய நேரம் பார்த்து அவருடையதை எடுத்து என்னுடையதன் பக்கத்தில் வைத்தேன். இந்த வயதில் இது என்ன சின்னப்பிள்ளைத்தனம் என்று எனக்கே சிரிப்பு வந்தது. அதற்குள் அந்தப் பெண் பார்த்துவிட்டாள்.

"சார் உங்களுக்குத் தெரிஞ்சவரா மேடம்?"

"தெரிஞ்சவர்தான். என் வீட்டுக்காரர்."

அவள் இரண்டு அட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். வேறு வேறு நிறுவனம், வேறு வேறு ஊர். முகம் வாடிவிட்டது. "ஐயோ, ரூம் தனித்தனியா போட்டுட்டோமே மேடம்."

"பரவால்லம்மா. எங்களுக்குப் பழகிப்போன ஏற்பாடுதான்."

ஓக் காடுகளின் பராமரிப்பும் ஆய்வும் என்ற பெயரில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை நடக்கும் மாநாடு இது. மற்றவர்கள் கட்டுரை வாசிக்க வருகிறார்கள், வேலை தேட வருகிறார்கள், ஓசித் துணிப்பைக்கும் பேனாவுக்கும் வருகிறவர்களும் உண்டு. நான் புருஷனைப் பார்க்க வருகிறேன். கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் அதுதான் உண்மை. அவர் மலைமேல் ஒரு ஓக் காட்டில், தகரக்கூரை போட்ட ஆய்வுக் குடிலில் இருக்கிறார். நான் நகரத்தில், ஜன்னல் திறக்க முடியாத ஓர் ஆய்வகத்தில் மர வளையங்களை நுண்ணோக்கியில் வைத்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். லீவுக்கு வருவார், வந்த களைப்பு தீருவதற்குள் கிளம்பிவிடுவார். ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் என்பார்களே, எங்கள் தாம்பத்தியத்துக்கு அந்த அமாவாசைகூட அதிகம். என் மாமியார் எதையும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டார். "மரம் வெச்சவன் தண்ணி ஊத்துவான்னு சொல்லுவாங்க. என் புள்ள மரத்துக்கு மட்டும்தான் ஊத்துறான்" என்று அவர் சொல்லும்போது நான் சிரித்துக்கொண்டே அடுப்பைத் துடைப்பேன். சிரிக்காமல் வேறென்ன செய்வது?

ஆனால் இந்த வருடத்தோடு அவருடைய திட்டம் முடிகிறது. மாநாடு முடிந்ததும் இரண்டு பேரும் ஒரே வண்டியில் வீட்டுக்குப் போவதாகப் பேச்சு. லீவுக்கு இல்லை, ஒரேயடியாக. அவருக்காக எங்கள் அறை அலமாரியில் பாதியைக் காலி செய்து வைத்திருக்கிறேன். என் புடவைகளையெல்லாம் கட்டிப் பரணில் போட்டுவிட்டேன். காலித் தட்டுகளைத் துடைத்து, புதுத் தாள் விரித்து, கதவை மூடி வைத்தேன். பிறகு சும்மா சும்மா திறந்து பார்த்தேன். எங்கள் மகள் குட்டி, பேர்தான் குட்டி, என் தோளுக்கு வளர்ந்தாயிற்று, அவள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அம்மா, காலி அலமாரிய எத்தனை தடவை பாப்ப?" என்றாள். அவளுக்கு அப்பா வருவதில் நம்பிக்கையே இல்லை. "வந்தா வரட்டும். வரலைன்னா அந்த ரெண்டு தட்டும் எனக்கு. என் துணி பிதுங்குது" என்று முன்கூட்டியே துண்டு போட்டு வைத்தாள்.

அரங்கத்தில் என் பக்கத்தில் மண்ணம்மா உட்கார்ந்தாள். எங்கள் நிறுவனத்தில் மண் பிரிவு அவளுடையது. எந்த ஊருக்குப் போனாலும் பிடி மண்ணை எடுத்து மோந்து பார்ப்பாள், அதனால் அந்தப் பெயர். "என்னடி, மாப்பிள்ளை எங்க?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்து அவளே, "வண்டி லேட்டா இருக்கும்" என்று முடித்துக்கொண்டாள். மேடையில் அமர்வுத் தலைவர் மேசைமேல் ஒரு சின்ன பித்தளை மணியைச் சரியாக வைத்துக்கொண்டிருந்தார். யாராக இருந்தாலும் நேரம் முடிந்தால் அடித்துவிடுவார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மணியடி வாத்தியார்.

என் வீட்டுக்காரருடைய முறை வருவதற்குச் சற்று முன்னால்தான் கதவு திறந்தது. தோளில் பை, ஷூவில் சேறு, முடி எல்லாப் பக்கமும் பறந்துகொண்டிருந்தது. போன தடவையைவிட இளைத்திருந்தார். காதோரம் நரை கூடியிருந்தது, அது எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கட்டின புருஷனுக்கு நரைத்ததைப் பத்தாவது வரிசையில் உட்கார்ந்து தெரிந்துகொள்கிறேன். அவர் கூட்டத்தைத் துழாவி என்னைக் கண்டுபிடித்தார். கையைத் தூக்கினார். அதற்குள் மணியடி வாத்தியார் அவர் பெயரை அழைத்துவிட, தூக்கின கையோடு மேடைக்குப் போனார்.

நன்றாகப் பேசினார். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஓக் மரம் வருடா வருடம் காய்க்காது. பல வருடம் ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கும். பிறகு ஒரு வருடம், காடு முழுக்கப் பேசி வைத்துக்கொண்டதுபோல், எல்லா மரமும் ஒரே சமயத்தில் கொட்டித் தீர்க்கும். கொட்டிய காய் முளைக்கும், ஆனால் தாய் மரத்தின் நிழலிலேயே வெளிச்சமில்லாமல் செத்துப்போகும். எந்த மரத்தை வெட்டி, எவ்வளவு வானத்தைத் திறந்துவிட்டால் அந்தச் செடிகள் பிழைக்கும் என்பதுதான் அவருடைய கேள்வி. இடைவெளிகளை வெட்டித் திறந்துவிட்டு இத்தனை வருடம் காத்துக்கொண்டிருந்தார். காடு காய்க்கவேயில்லை. போன வருடம்தான் காய்த்தது. திரையில் படம் வந்தது. சருகுக்கு நடுவே விரல் உயரத்தில் இரண்டு இலை, நான்கு இலை வைத்த செடிகள், கண்ணுக்கெட்டிய தூரம் வரை. அரங்கம் முழுக்க ஒரு வியப்புச் சத்தம் எழுந்தது. மண்ணம்மா என் தொடையைக் கிள்ளினாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மறைப்பானேன், கண்ணில் தண்ணீரே வந்தது.

கடைசிப் படம் வந்தது. அடுத்த கட்டம் என்று தலைப்பு. திட்டம் நீட்டிக்கப்பட்டிருக்கிறது, இன்னும் பத்து வருடம். கீழே ஒரு வரி: அளவீட்டாளர், மாற்றமில்லை.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. நீண்டநாள் ஆய்வில் அளக்கும் கை மாறக்கூடாது. ஒருவர் டேப்பை இறுக்கிப் பிடிப்பார், இன்னொருவர் தளர்த்திப் பிடிப்பார். செடியின் உயரத்தை ஒருவர் நுனிமொட்டு வரை எடுப்பார், இன்னொருவர் இலையோடு சேர்த்து எடுப்பார். நடுவில் ஆள் மாறினால் வளராத செடி வளர்ந்த மாதிரி காட்டும். ஒரே கை வேண்டும் என்பார்கள். எனக்கு இந்த விதி நன்றாகத் தெரியும். என் மாணவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அது மாறவில்லை.

மண்ணம்மா என் பக்கம் திரும்பவில்லை. அவளுக்கும் புரிந்துவிட்டது.

"கேள்விகள் இருக்கா?" என்றார் மணியடி வாத்தியார். யாரோ மான் மேய்ச்சலைப் பற்றிக் கேட்டார்கள். என் கை தானாக உயர்ந்தது. மைக் வந்தது. எழுந்து நின்றேன். கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாக அவரை அப்படி அழைத்தேன்.

"சார், ஒரு சந்தேகம். அளக்குற ஆள் மாறினா வர்ற பிழையச் சரிபண்ண வழி இருக்கு. அப்படியிருக்க அதே ஆள்தான் அங்க இருக்கணும்னு ஏன் போட்டிருக்கீங்க?"

அவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "வழி இருக்கு. இல்லைன்னு சொல்லல. ஆனா கை மாத்தணும்னா பழைய கையும் புதுக் கையும் ஒரு பருவம் முழுக்க ஒண்ணா நின்னு, அதே செடிகள ரெண்டு பேரும் அளக்கணும். வித்தியாசத்தக் கணக்குப் பண்ணணும். அதுக்கப்புறம்தான் பழைய ஆள் கிளம்பலாம்."

"ஒரு பருவம்தானே?"

"ஒரு பருவம்தான். அந்த மலையில வந்து நிக்க யாரும் கிடைக்கல."

"கேட்டுப் பாத்தீங்களா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வழக்கமான ஆய்வாளர் சண்டை என்று நினைத்திருப்பார்கள். அவர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கேக்கல" என்றார்.

மணி அடித்தது.

காபி இடைவேளையில் அவரைச் சுற்றிக் கூட்டம் நின்றது. செடிப் படத்தை அனுப்பச் சொல்லி ஆளாளுக்குக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நான் சுவரோரமாக, ஆறிப்போன காபியோடு நின்றேன். போன் அதிர்ந்தது. குட்டி. "அப்பாவ பாத்தியா? அலமாரி எனக்கா அவருக்கா?" பக்கத்தில் சிரிக்கிற முகம் ஒன்று போட்டிருந்தாள். அந்தச் சிரிப்பு அவளுடைய கேடயம், எனக்குத் தெரியாதா? பதில் எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன், மறுபடி அழித்தேன். போனைப் பைக்குள் போட்டேன்.

மதியம் காட்டுப் பயணம். எல்லா மாநாட்டிலும் உண்டு. பேருந்தில் ஏற்றிக் கொண்டுபோய் ஒரு காட்டைக் காட்டுவார்கள். தினம் காட்டில் கிடப்பவர்களுக்கே காட்டைக் காட்டுவது. எல்லோரும் முதல் தடவை பார்ப்பவர்கள் மாதிரி ஜன்னலில் ஒட்டிக்கொள்வோம். மண்ணம்மா எனக்குப் பக்கத்து இருக்கையில் பையை வைத்து இடம் பிடித்திருந்தாள். அவர் ஏறியதும் பையை எடுத்துக்கொண்டு, "எனக்கு முன்னாடி உக்காந்தாதான் தலை சுத்தாது" என்று எழுந்து போனாள். பொய். கப்பலில் நின்றுகொண்டு சாப்பிடுகிறவள் அவள்.

அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய முழங்கை என் முழங்கையில் இடித்தது. இரண்டு பேருமே நகர்த்தவில்லை. புகையும் ஈரத்துணியும் கலந்த வாசனை. அவர் லீவு முடிந்து கிளம்பியபின் தலையணை உறையில் கொஞ்சநாள் இருக்கும், நான் அதைத் துவைக்காமல் வைத்திருப்பேன். இப்போது அதற்குச் சொந்தக்காரரே பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் எனக்கு அந்தத் தலையணை உறைதான் ஞாபகம் வந்தது. ஏக்கம் பழகிவிட்டால் ஆள் வந்தபின்னும் போகாது போலிருக்கிறது.

காட்டுக்குள் இறங்கி நடந்தோம். கூட்டத்தை முன்னே போகவிட்டுக் கடைசியில் வந்தோம். காலடியில் சருகு கணுக்கால் வரை கிடந்தது.

"சொல்லியிருக்கலாம்ல" என்றேன்.

"பேசுறதுக்கு முன்னாடியே உன்னப் பிடிச்சு நேர்ல சொல்லணும்னுதான் இருந்தேன். வண்டி லேட்டாயிடுச்சு."

"தினம் போன்ல பேசுனோம். என்ன பேசுனோம்? அங்க மழையா, இங்க மழையா. மழைக்கு மட்டும் வண்டி லேட்டாகவே இல்ல."

அவர் குனிந்து ஒரு ஓக் காயை எடுத்தார். அதன் தொப்பி மாதிரி மூடியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார். "போன்ல சொன்னா நீ சரின்னு சொல்லிடுவ. செடி முளைச்சிருக்குன்னு சொன்னா, 'இருங்க, நாங்க பாத்துக்குறோம்'னு உடனே சொல்லிடுவ. எனக்கு அதான் பயம். நீ சரின்னு சொல்லிட்டா அப்புறம் என்னால எப்படி வர முடியும்?"

எனக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு தடவையும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். வாசலில் நின்று, "ஒண்ணும் அவசரமில்ல, வேலையப் பாருங்க" என்று சிரித்துக்கொண்டே கையாட்டியிருக்கிறேன். என்ன பெரிய தியாகம்! வந்துவிடுங்கள் என்று கேட்டு, அவர் வராமல் போனால் தாங்காது என்ற பயம்தான். கேட்காமலே இருந்தால் மறுக்கப்படாமலும் இருக்கலாம். அவர் என்னைக் கேட்கவில்லை, நான் அவரைக் கேட்கவில்லை, நடுவில் ஓக் மரங்கள் ஆற அமரக் காய்த்துக்கொண்டிருந்தன.

"அங்க தனியாத்தான் அளக்குறீங்களா?" என்றேன்.

"தனியாத்தான். எண்ணச் சத்தமாச் சொல்லுவேன். அப்புறம் நானே திருப்பிச் சொல்லிக்குவேன்." கொஞ்சம் சிரித்தார். "பைத்தியம்னு நெனைச்சு குரங்குகூட கிட்ட வர்றதில்ல."

அளக்கும்போது ஒருவர் எண்ணைச் சொன்னால் மற்றவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அது கணக்கில் ஏறும். திருப்பிச் சொல்லாத எண் காற்றில் போன எண். எங்களைச் சேர்த்துவைத்ததே அந்த வழக்கம்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெரிய மரக் கணக்கெடுப்புக்கு எங்களை ஜோடி போட்டார்கள். தரையிலிருந்து மார்பு உயரத்தில் சுற்றளவு எடுக்க வேண்டும். யார் மார்பு என்று கேட்டு அன்று அவரிடம் முதல் சண்டை போட்டேன். தடித்த மரத்துக்கு டேப்பைச் சுற்றினால் பின்பக்கம் பாசியில் வழுக்கிக் கீழே இறங்கிவிடும். அதனால் ஒருவர் மரத்துக்குப் பின்னால் நின்று இரண்டு கையாலும் டேப்பை அழுத்திப் பிடிக்க வேண்டும், முன்னால் நிற்பவர் படிக்க வேண்டும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஒரு பருவம் முழுக்க நான் எண் சொல்ல, மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் அதை அப்படியே திருப்பிச் சொன்னது. முகம் பிடிப்பதற்கு முன்னாலேயே அந்தக் குரலைத்தான் எனக்குப் பிடித்துப்போனது.

முன்னே போனவர்கள் ஒரு மரத்தடியில் கூடியிருந்தார்கள். அந்தக் காட்டிலேயே பெரிய ஓக். அதன் கிளைகளுக்குக் கீழே ஒரு வகுப்பறையையே உட்கார வைக்கலாம். வன அதிகாரி கையைத் தட்டினார். "வழக்கம்போல போட்டி. சுற்றளவு எத்தனை சென்டிமீட்டர்னு எல்லாரும் சொல்லுங்க. அப்புறம் அளப்போம். கிட்டத்துல சொன்னவங்களுக்குப் பரிசு." ஆளாளுக்குக் கத்தினார்கள். மணியடி வாத்தியார் கண்ணை இடுக்கிப் பார்த்து ஒரு எண் சொன்னார். மண்ணம்மா மரத்தைப் பார்க்காமல் மண்ணைப் பார்த்து ஒரு எண் சொன்னாள்.

"அளக்க ரெண்டு பேர் வேணும்."

"இதோ இருக்காங்களே" என்றாள் மண்ணம்மா. என் கையில் டேப்பைத் திணித்தாள். அவரை முதுகில் கைவைத்து மரத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டாள்.

நான் டேப்பின் நுனியைப் பட்டையில் வைத்து அழுத்தினேன். அவர் சுருளை வாங்கிக்கொண்டு பின்னால் சுற்றிப் போனார், இந்தப் பக்கமாக வந்து என் கையில் கொடுத்தார், மறுபடி பின்னால் போனார். ஒரு வார்த்தையும் தேவைப்படவில்லை. டேப் மேலேறி, நேராகி, நின்றது. அந்த இறுக்கத்தை எங்கே இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். அவருடைய கை அது. நான் படித்தேன்.

"ஐநூத்திப் பன்னண்டு."

"ஐநூத்திப் பன்னண்டு" என்றது மரத்துக்குப் பின்னாலிருந்து.

கூட்டம் கைதட்டியது. மணியடி வாத்தியார் ஜெயித்துவிட்டாராம். அதிகாரி எழுதிக்கொண்டார். "போதும் மேடம், விட்டுடலாம். பஸ்ஸுக்கு நேரமாச்சு." ஒவ்வொருவராகத் திரும்பி நடக்க ஆரம்பித்தார்கள். நான் விடவில்லை. பின்னாலும் டேப் தளரவில்லை. பையில் போன் ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது. குட்டிக்கு இன்னும் பதில் போகவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? பட்டைக்கு மிகக் கிட்டத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, எண் சொல்லும் அதே குரலில், அதே சத்தத்தில் சொன்னேன்.

"வீட்டுக்கு வந்துருங்க."

போய்க்கொண்டிருந்தவர்களில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். திருப்பிச் சொல்ல வேண்டும், அதுதான் வழக்கம். மரத்துக்குப் பின்னாலிருந்து குரல் வரவில்லை. டேப் என் விரல்களுக்கு நடுவே லேசாக நடுங்கியது. மேலே எங்கோ கிளையிலிருந்து ஒரு காய் கழன்று, கிளை கிளையாகத் தட்டிக்கொண்டு வந்து சருகில் விழுந்தது.

பிறகு டேப் தளர்ந்தது. பின்பக்கம் பாசியில் வழுக்கி இறங்குவது தெரிந்தது. சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. பேருந்தை நோக்கியா, மரத்தைச் சுற்றி என் பக்கமா என்று இங்கிருந்து தெரியவில்லை. நான் நுனியைப் பட்டையில் வைத்து அழுத்திப் பிடித்தபடி நின்றேன்.